சக்கரம் வாங்குமுன், சூளை வாங்குமுன்: குமரி மாவட்டத்தில் மண்பாண்டக் கூடம் அமைப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் மண் வனைகிறேன். சனி, ஞாயிறுகளில் சிலருக்குக் கற்றும் கொடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் மூன்றாவது வகுப்பு முடிவதற்குள் சக்கரம் எங்கே கிடைக்கும் என்று தொடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் குயவர் வீட்டுப் பிள்ளைகள். அப்பாவின் திருகை, அதாவது கையால் சுழற்றும் பழைய குயவர் சக்கரம், கொட்டகையில் கிடக்க, மின்சூளைக்கு விலை விசாரிப்பவர்கள். இரு தரப்பும் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

அக்கா, முதலில் சக்கரம் வாங்கவா, சூளை வாங்கவா?

இரண்டும் இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். செய்யும் பொருள் மண்ணைத் தீர்மானிக்கும். மண் சூட்டைத் தீர்மானிக்கும். சூடு சூளையையும், சூளை உங்கள் வீட்டு மின் இணைப்பையும் தீர்மானிக்கும். சக்கரம் இந்த வரிசையிலேயே வராது. காப்பிக் கோப்பை வனைந்த சக்கரத்தில் நாளைக்கே மீன் சட்டி வனையலாம். சூளை அப்படி வளைந்து கொடுக்காது.

சக்கரம் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாதத்தில் கைமாற்றிவிடலாம். சூளை நாலு ஆள் சேர்ந்து தூக்கும் பொருள். விலையும் சக்கரத்தைப் போலச் சில மடங்கு. அவசரப்பட்டு வாங்கிய சூளைகள் துணி காயப்போடும் மேடையாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு மாதம் சுருள் அடுக்கியும் பலகை மண் வெட்டியும் கையால் செய்யுங்கள். சூளை வைத்திருப்பவரிடம் தட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்துச் சுட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் குளத்து மண்ணே போதுமா, வெளியூர் மண் வாங்க வேண்டுமா?

சட்டி, பானை, பூத்தொட்டி, விளக்கு என்றால் குளத்து மண் தாராளம். இரும்பு கலந்த இந்த மண் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸுக்குள் நன்றாகச் சிவந்து வரும். 1,100-ஐத் தாண்டினால் பெரும்பாலும் கொப்புளித்துச் சரிந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும். 1,200 டிகிரிக்கு மேல் சுடும், கல்போல இறுகும் ஸ்டோன்வேர் கோப்பைகள்தான் வேண்டும் என்றால் அதற்கென்று கலந்த மண்ணை விலைக்கு வாங்க வேண்டும். வெள்ளைக் களிமண் வேண்டுவோருக்குத் தூரம் அதிகமில்லை. திருவனந்தபுரம் பக்கத்துத் தோன்னக்கல் அந்த மண்ணுக்குப் பெயர்போன இடம்.

குளத்தில் இரவோடு இரவாக மண் அள்ளாதீர்கள். மண்பாண்டத் தொழிலுக்கு வண்டலும் களிமண்ணும் எடுக்க அனுமதி உண்டு. வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். மண் கைக்கு வந்ததும் ஒரு பட்டையை வெட்டி அதில் சரியாக 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டுப் பாருங்கள். கோடு 9 செ.மீ. ஆனால் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. இந்த எண் சூளையின் அளவைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வரும்.

மீன் சட்டி செய்து விற்க நினைக்கிறேன். 1,300 டிகிரி போகும் சூளையே வாங்கிவிட்டால் நல்லதுதானே?

நல்லதில்லை, வீண். அடுப்பில் ஏறும் சட்டி நேரடித் தீயைத் தாங்குவதற்குக் காரணமே அது குறைந்த சூட்டில் வெந்திருப்பதும், மணல் கலந்திருப்பதும், உடம்பில் நுண்துளைகள் இருப்பதும்தான். ஸ்டோன்வேர் சூட்டில் இறுகிய பாண்டத்தைக் கேஸ் அடுப்பில் வைத்தால் விரிசல் விடும். சட்டிக்கு 800 முதல் 950 டிகிரி போதும். அந்தச் சூட்டுக்கு நிக்ரோம் கம்பிச்சுருள் போட்ட மலிவான சூளையே போதுமானது. 1,200-க்கு மேல் வேண்டுவோருக்குத்தான் காந்தல் ஏ1 (Kanthal A1) என்ற கம்பியால் ஆன சுருள் தேவை. விற்பவர் எப்போதும் பெரிய எண்ணைத்தான் சொல்வார். உங்களுக்கு வேண்டிய எண்ணை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

அப்பாவின் திருகை, மிதிசக்கரம், மின்சக்கரம்: எது மேல்?

கம்பு கொண்டு சுழற்றும் திருகை கனம் மிகுந்தது. ஒரு முறை வேகம் எடுத்துவிட்டால் ஒரு பானை முடியும்வரை நிற்காது. அதன் குறை மண்ணில் இல்லை, முழங்காலில் இருக்கிறது; குந்தி உட்கார்ந்து முப்பது வருடம் வனைந்தவர்களிடம் கேளுங்கள். மிதிசக்கரத்துக்கு மின்சாரம் வேண்டாம், சத்தம் கிடையாது. ஆனால் இடத்தை அடைக்கும், நடுவைப் பிடிக்கக் கற்கும்போது காலும் கையும் சண்டை போடும். மின்சக்கரத்தில் வேகம் உங்கள் பாதத்துக்குக் கீழே இருக்கிறது. கற்பவருக்கு இதுவே எளிது.

குயவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: மின்சக்கரம் வந்த கையோடு திருகையை விற்றுவிடாதீர்கள். பெரிய பானை வனைய அப்பாவின் கை பழகியது அதில்தான். அந்தக் கை உள்ளவரை திருகைக்கும் வேலை இருக்கும்.

அரை எச்.பி., ஒரு எச்.பி. என்கிறார்கள். எவ்வளவு வேண்டும்?

வீட்டுக் கூடத்துக்கு அரை எச்.பி. போதும். எண்ணைவிட முக்கியம் மெதுவான வேகத்தில் சக்கரத்துக்கு இருக்கும் வலு. வாங்கப் போகும்போது நாலு கிலோ பிசைந்த மண்ணைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மெதுவாகச் சுழலவிட்டு இரு கையாலும் அழுத்துங்கள். சக்கரம் தயங்கினால், துடித்தால், முனகினால் வேண்டாம். மண்ணைத் தொட அனுமதிக்காத கடையில் சக்கரம் வாங்காதீர்கள்.

இரண்டு பக்கமும் சுழலும் வசதி, கழற்றிக் கழுவக்கூடிய தண்ணீர்த் தொட்டி, உறுதியான மிதிகட்டை, இந்த மூன்றையும் பாருங்கள். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் முதலாவதை விட்டுக்கொடுக்கவே கூடாது. ஈரக் கையோடு தொடும் கருவி என்பதால் எர்த் இணைப்பும், கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம்.

கையடக்கமான மேசைச் சக்கரம் இணையத்தில் மிக மலிவாக வருகிறதே?

பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் வாங்குங்கள். அரைக் கிலோ மண்ணை அழுத்தினாலே நின்றுவிடும்.

மின்சூளை, கேஸ் சூளை, விறகுச் சூளை: நம் மாவட்டத்துக்கு எது பொருந்தும்?

விறகு இங்கே கிடைக்கும். பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டும் காலத்தில் ரப்பர் விறகு வண்டி வண்டியாக வரும். கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போக நெல் அறுவடை முடிந்தால் வைக்கோலும் உண்டு, கதம்பைக்கும் (தேங்காய் மட்டை) பஞ்சமில்லை. பழைய முறையில் அடுக்கி, வைக்கோல் மூடி, சேறு பூசிச் சுடும் சூளைக்கு இவையே எரிபொருள். தடை எரிபொருளில் இல்லை, அண்டை வீட்டில் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு ஆயிரம் பேருக்கு மேல் வாழும் மாவட்டம் இது. தோட்டத்துக்குத் தோட்டம் வீடு. புகை நேராகப் பக்கத்து வீட்டு அடுக்களைக்குப் போகும். ஊருக்கு வெளியே நிலம் இருந்தால் விறகுச் சூளை போல அழகு வேறில்லை.

கேஸ் சூளை உள்ளே காற்றைக் குறைத்துச் சுட உதவும். செம்புச் சிவப்பு, சாம்பல் கலந்த பச்சை போன்ற நிறங்கள் அப்படித்தான் பிறக்கின்றன. ஆனால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் பயன்படுத்த வேண்டும். வீட்டுச் சிலிண்டரைத் தொடக் கூடாது. அதிக கேஸ் இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து பனி படியும், அழுத்தம் விழும். அதனால் இரண்டு மூன்று சிலிண்டர்களை இணைக்க வேண்டி வரும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மூடிய அறைக்கு இது ஆகாது.

வீட்டோடு சேர்ந்த கூடத்துக்கு என் வாக்கு மின்சூளைக்கே. புகை இல்லை, காவல் குறைவு, ஒரு முறை வந்த பலன் மறுமுறையும் வரும். இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வருத்தம்தான். தீ விளையாடிய கறுப்புத் தழும்பு மின்சூளையில் கிடைக்காது.

எவ்வளவு பெரிய சூளை வாங்க வேண்டும்?

உள்ளளவை வைத்துக் கணக்கிடுங்கள், வெளித்தோற்றத்தை வைத்து அல்ல. உள்ளே 30 செ.மீ. நீளம், 30 அகலம், 40 உயரம் என்று வைத்துக்கொள்வோம். 9 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. உயரமும் உள்ள கோப்பைகள் ஒரு தட்டுக்கு ஒன்பது, மூன்று தட்டில் இருபத்தேழு. கம்பிச்சுருளை ஒட்டி எதையும் வைக்க முடியாது. தட்டின் கனமும் அதைத் தாங்கும் முட்டுக்காலும் உயரத்தைத் தின்னும்.

சட்டி செய்கிறவர் இந்தச் சூளையை வாங்கினால் அழுவார். சுட்டபின் 28 செ.மீ. வாய் வேண்டும் என்றால், பத்தில் ஒன்று சுருங்கும் மண்ணில் 31 செ.மீ.க்கு வனைய வேண்டும். காய்ந்து கொஞ்சம் சுருங்கினாலும் உள்ளே நுழையாது, நுழைந்தால் சுவரை உரசும். அவருக்கு 40 செ.மீ. அகலம் வேண்டும். மறுபக்கம், பெரிய சூளை வாங்கினால் அதை நிரப்ப இரண்டு மாதம் காத்திருப்பீர்கள். அரைகுறையாகச் சுடவும் மனம் வராது. கற்கும் காலத்தில் சிறிய சூளையும் அடிக்கடி சுடுவதும்தான் பாடம்.

வீட்டு மின்சாரத்தில் சூளை ஓடுமா?

3 கிலோவாட் சூளை 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். ஒருமுனை இணைப்பில் ஓடும். ஆனால் இஸ்திரிப் பெட்டி போல அரை மணி நேரம் அல்ல, எட்டு ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். தொடக்கத்தில் நான் சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். காலையில் பிளக் உருகி, சுவரில் கரி. மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செப்புக் கம்பி இழுத்து, மின்சாரம் மிஞ்சினால் தானாகத் துண்டிக்கும் தனி எம்.சி.பி. வைத்து, பிளக் இல்லாமல் நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். 8, 10 கிலோவாட் சூளைகளுக்கு மும்முனை இணைப்பு வேண்டும்.

மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருக்களில் இன்னொரு சிக்கல். 230 வோல்ட் 200 ஆனால் சூளையின் திறன் ஏறக்குறைய முக்கால் பங்காகிவிடும். 1,100 வரை தள்ளாடி ஏறி அங்கேயே நின்றுவிடும். சூளை கெட்டுவிட்டதாக நினைத்துக் கம்பெனிக்குப் போன் போடுவார்கள். சூளை வாங்குமுன் மாலை ஏழு மணிக்கும் இரவு பதினொரு மணிக்கும் ஒரு வாரம் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள்.

ஒரு முறை சுட்டால் எத்தனை யூனிட் ஆகும்?

மேலே சொன்ன 3 கிலோவாட் சூளை ஒன்பது மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 27 யூனிட். இடையிடையே தானாக அணைந்து எரிவதால் 15 முதல் 20 வரை ஆகும் என்று கொள்ளலாம். யூனிட்டைவிடக் கட்டணப் படிநிலைதான் கடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், நாலு முறை சுட்டாலே வீட்டுக் கணக்கு அடுத்த படிக்கு ஏறலாம். விற்பனைக்குச் செய்பவர்கள் அதற்குரிய தனி இணைப்பை மின்வாரியத்தில் கேட்டுப் பெறுங்கள்.

செங்கல் சுவர்ச் சூளையா, செராமிக் ஃபைபர் சூளையா?

பஞ்சுபோன்ற ஃபைபர் எடை குறைவு, சீக்கிரம் சூடேறும், மின்சாரம் மிச்சம். ஆனால் சீக்கிரமே ஆறியும் விடும்; கண்ணாடிபோல் மினுங்கும் சில கிளேஸ் பூச்சுகளுக்கு மெதுவாக ஆறுவதுதான் அழகு. கை பட்டால் பிய்யும். பல முறை சுட்ட ஃபைபரிலிருந்து உதிரும் தூசு நுரையீரலுக்குக் கேடு. வீட்டுக்குள் வைப்பவர்களுக்கு நான் இலகுவகை வெப்பச்செங்கல் சூளையைத்தான் சொல்வேன். லாரியில் குலுங்கி வந்தால் செங்கல் மூலை உடையும் என்பதால், இறக்கியவுடன், வண்டி நிற்கும்போதே மூடியைத் திறந்து பாருங்கள்.

கன்ட்ரோலரில் வெப்பநிலை தெரிகிறது. பிறகு கூம்பு எதற்கு?

அடுப்பின் தீயைப் பார்த்துப் பருப்பு வெந்ததா என்று சொல்ல முடியுமா? விரலில் நசுக்கிப் பார்ப்போம் இல்லையா? சூட்டை அளக்கும் கம்பியான தெர்மோகப்பிள் சொல்வது தீயை. பாண்டத்தோடு சூளைக்குள் வைக்கும் சிறு மண் கூம்பு வளைந்து சொல்வது வெந்த பதத்தை. சூடும் நேரமும் சேர்ந்துதான் மண்ணை வேகவைக்கின்றன. ஆறாம் எண் கூம்பு சுமார் 1,220 டிகிரியில் வளையும், மெதுவாக ஏற்றினால் அதற்குக் கீழேயே வளையும்.

1,200-க்கு மேல் அடிக்கடி சுடுவோர் கே வகை தெர்மோகப்பிளை நம்பாதீர்கள். அந்தச் சூட்டில் அது சீக்கிரம் தடம் மாறும். ஆர் அல்லது எஸ் வகை விலை அதிகம், பிளாட்டினம் கலந்தது. சட்டிக்காரர்களுக்குக் கே வகையே போதும்.

குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. சூளை துருப்பிடிக்காதா?

பிடிக்கும். வண்ணம் பூசிய இரும்புக் கூடு இரண்டு மழைக்காலத்துக்குள் திருகுகளைச் சுற்றிப் பொரியத் தொடங்கும். துருப்பிடிக்காத எஃகுக் கூடு கேளுங்கள். 202 என்ற மலிவு வகையைத் தந்து ஏமாற்றுவதும் உண்டு, 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டைவிட முதலில் போவது மின் இணைப்பு முனைகளும் கன்ட்ரோலர் அட்டையும்தான். கடற்காற்று நேராக வரும் சன்னலுக்கு எதிரே சூளையை வைக்காதீர்கள். சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளி, சிமென்ட் தரையில் நிறுத்துங்கள்.

மழைக்காலத்தில் எதுவும் காய்வதில்லை. உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா?

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டம். வடக்கத்திய வீடியோக்களில் "இரண்டு நாளில் காய்ந்துவிடும்" என்பதை நம்பி ஒரு மாணவி ஈரப் பானைகளை சூளையில் ஏற்றினாள். உள்ளே பட்டாசு வெடித்தது போலச் சத்தம். எடுத்தது எல்லாம் சல்லி. பாண்டத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் ஈரம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள்.

இயந்திரம் வேண்டாம். பழைய இரும்பு அலமாரியில் கீழும் மேலும் துளை போட்டு, சிறு மின்விசிறி வைத்தால் போதும். சேற்று மண்ணை இறுகவைக்கும் பிளாஸ்டர் பலகைகள் ஆடி மாதத்தில் தாமே ஈரத்தில் ஊறிக் கிடக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் ஓடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது நீரையும் இழுக்கும், அடுப்பருகே வைத்தால் ஒரே நாளில் காய்ந்தும் விடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த செங்கல் சூளையும் ஈரம் குடித்திருக்கும். பாண்டம் ஏற்றாமல் ஒரு முறை மெல்லச் சூடாக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பக் மில், ஸ்லாப் ரோலர், எக்ஸ்ட்ரூடர் எல்லாம் அவசியமா?

மண்ணைப் பலகையாகத் தேய்க்கும் ஸ்லாப் ரோலருக்குப் பதில் சப்பாத்திக் கட்டையும் ஒரே கனமுள்ள இரண்டு மரச் சட்டமும். எக்ஸ்ட்ரூடர் என்பது பெரிய முறுக்கு நாழி; கைப்பிடி நூறு நூறாகச் செய்கிறவருக்கு மட்டும். மண்ணைப் பிசைந்து தரும் பக் மில் வாரத்துக்கு நூறு கிலோ மண் புரட்டுவோருக்கு வரம், மற்றவர்களுக்குக் கழுவும் வேலை. வாங்கினால் காற்றை உறிஞ்சும் பம்பு உள்ளதாக, உட்புறம் துருப்பிடிக்காத எஃகாக வாங்குங்கள். எல்லோருக்கும் அவசியமானவை வேறு: 0.1 கிராம் காட்டும் தராசு, 80-ஆம் எண் சல்லடை, நல்ல முகமூடி. மண் தூசைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். அதில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கும்.

பழைய சூளை ஒன்று விலைக்கு வருகிறது. எப்படிப் பரிசோதிப்பது?

எலக்ட்ரீஷியன் ஒருவரையும் மல்டிமீட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கம்பிச்சுருளின் மொத்த மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட், 3 கிலோவாட் சூளைக்குப் புதிதில் 17.6 ஓம் இருக்க வேண்டும். சுருள் கிழடாக ஆகத் தடை ஏறும். 20 ஓம் காட்டினால் அந்தச் சூளை இப்போது 2.6 கிலோவாட்தான். சுருளை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மின்னழுத்தம் இறங்கும் தெருவில் இதையும் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும் என்பதை வீட்டு மின்சாரக் கேள்வியில் சொன்னேன்.

பால் மில் (ball mill, குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரம்) வாங்கியிருக்கிறேன். மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணலை அரைத்து கிளேஸில் சேர்க்கலாமா?

கேட்பவர் விவரம் தெரிந்துதான் கேட்கிறார். அந்த மணலில் இல்மனைட்டும் சிர்க்கானும் இருக்கின்றன. இல்மனைட் கரும்புள்ளி தரும். சிர்க்கான் கிளேஸை வெள்ளையாக, ஒளி ஊடுருவாததாக ஆக்கும். ஆனால் கூடவே தோரியம் கொண்ட மோனசைட்டும் இருக்கிறது. அது கதிர்வீச்சுள்ள பொருள். அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவது. அதை நுண்தூளாக அரைத்து மூச்சில் இழுப்பதும், சோறு தின்னும் தட்டில் பூசுவதும் கூடாது. பிரித்துச் சுத்தம் செய்த சிர்க்கான் தூள் கடையில் பொட்டலமாகக் கிடைக்கிறது. கடற்கரை மணலைக் கடற்கரையிலேயே விடுங்கள்.

கருவி வாங்க அரசு உதவி கிடைக்குமா?

மாநில அரசு 2025-இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் மண்பாண்டத் தொழிலும் அடங்கும்: 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். காதி கிராமத் தொழில் ஆணையம் 2018 முதல் குயவர்களுக்குப் பயிற்சியோடு மின்சக்கரம் வழங்கி வருகிறது. விண்ணப்பத்தோடு விலைப்பட்டியல் கேட்பார்கள். அப்போது கடைக்காரர் எழுதித் தரும் பட்டியலை அப்படியே கொடுத்துவிடாதீர்கள்; சுருளின் வகை, கூட்டின் எஃகு, தெர்மோகப்பிள் வகை மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பாதிச் சூட்டில் மின்சாரம் போய்விட்டால் எல்லாம் பாழா?

பூச்சு இல்லாமல் சுடும் முதல் சூடு என்றால் ஒன்றும் ஆகாது. மறுபடி முதலிலிருந்து ஏற்றலாம். கிளேஸ் சூட்டிலும் பூச்சு உருகுமுன் போயிருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். வீட்டு இன்வெர்ட்டர் சூளையை இழுக்காது, முயலவும் வேண்டாம். மின்சாரம் திரும்பியதும் கன்ட்ரோலர் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி: சில விட்ட இடத்திலிருந்து தொடரும், சில முதலிலிருந்து தொடங்கும், சில அணைந்தே கிடக்கும். வாங்கும்போதே கடையில் பாதியில் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஐப்பசி இடியில் சூளையைச் சுடவே வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்து வையுங்கள். அப்படியும் நடுவில் நின்றுபோனால், அப்போதைய நேரத்தையும் வெப்பநிலையையும் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டு வெளியே வாருங்கள். மூடியை மட்டும் திறந்து பார்க்காதீர்கள்.